மஞ்சள் முகம் சிரித்த மூன்று வாரம்

பிசியோதெரபி பிரிவில் இந்த ஆண்டு சேர்ந்திருக்கும் உங்கள் ஆறு பேரையும் காலையில் பார்த்தேன். ஆறு பேரும் நடை இயந்திரத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தீர்கள். நானும் எடுத்துக்கொண்டவள்தான். என் படத்தில் அதன் தோளில் கை போட்டிருப்பேன். அதற்குத் தோள் கிடையாது. தோள் மாதிரி நீட்டிக்கொண்டிருந்த ஒரு கம்பியில் போட்டிருப்பேன். அவ்வளவு பாசம்.

ஓய்வு பெற்றவளைப் பேசக் கூப்பிட்டால் சாதனைகளைச் சொல்வாள் என்று நினைத்திருப்பீர்கள். என்னிடம் அதைவிட நல்ல சரக்கு இருக்கிறது. ஒரு முருங்கைக்காய் வியாபாரி என்னை மூன்று வாரம் ஏமாற்றினார். அவர் ஏமாற்றியதற்கு முக்கால்வாசிக் காரணம் நான். அதைச் சொல்கிறேன்.

கச்சிபௌலியில் பார்க்கிற பக்கமெல்லாம் கண்ணாடிக் கட்டடம் முளைத்துக்கொண்டிருந்த காலம். நான் வேலை பார்த்த மருத்துவமனையும் அப்படி முளைத்ததுதான். சுற்றிலும் சாஃப்ட்வேர் கம்பெனிகள் இருக்கும்போது நம்மிடமும் கம்ப்யூட்டர் வைத்த பெரிய சாமான் ஒன்று இருக்க வேண்டாமா என்பது எங்கள் டைரக்டரின் ஆதங்கம். அப்படி வந்தது அந்த ரோபோ. பக்கவாதத்தில் கால் விழுந்தவர்களை மறுபடி நடக்கப் பழக்கும் இயந்திரம். கீழே ஓடும் பட்டை. மேலே கம்பியிலிருந்து தொங்கும் கச்சையில் நோயாளியைக் கட்டி நிறுத்துவோம். இரண்டு இரும்புக் கால்களை அவருடைய கால்களோடு சேர்த்துக் கட்டுவோம். மோட்டார் அந்தக் கால்களை மடக்கும், தூக்கும், வைக்கும். எதிரே ஒரு திரை, அதில் ஒரு மஞ்சள் முகம். நோயாளி தானும் முயன்று காலை எடுத்து வைத்தால் முகம் சிரிக்கும். மோட்டார் இழுத்த இழுப்புக்குச் சும்மா போனால் உதட்டைப் பிதுக்கும்.

முதல் நாள் பூஜை போட்டோம். புது வண்டிக்குச் செய்வது போல டைரக்டர் பட்டைக்கு அடியில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்து ஓட்டச் சொன்னார். பழம் உள்ளே போய்ச் சிக்கியது. இயந்திரம் கூவி நின்று, நோயாளிக்குக் கடுமையான தசைப்பிடிப்பு, மருத்துவரைக் கூப்பிடவும் என்று திரையில் எழுதிக் காட்டியது. எங்கள் ரோபோ கண்டுபிடித்த முதல் நோயாளி எலுமிச்சம்பழம். அன்றே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இருபத்தைந்து வருஷம் அடுத்தவர் கால்களைத் தூக்கித் தூக்கி என் முதுகு போயிருந்தது. எனக்குப் பதிலாக ஒன்று தூக்குகிறது என்றால் எலுமிச்சம்பழத்துக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்கட்டுமே என்று இருந்தேன். ஒரு வாரப் பயிற்சி கொடுத்து எனக்கு ஒரு சான்றிதழும் தந்தார்கள். அதைச் சட்டம் போட்டு மாட்டினேன்.

அப்போது வந்து சேர்ந்தார் சண்முகம். ஐம்பத்து நான்கு வயது. சொந்த ஊர் ஒட்டன்சத்திரம். அங்கிருந்து வரும் முருங்கைக்காயைப் போவன்பள்ளி மார்க்கெட்டில் ஏலம் கூவி விற்பவர். இடது கையும் இடது காலும் விழுந்திருந்தன. பேச்சு விழவில்லை. விழுந்திருந்தால் வார்டு கொஞ்சம் அமைதியாக இருந்திருக்கும்.

நான் சிக்கந்தராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவள். எங்கள் வீட்டுத் தமிழ் எப்படி இருக்கும் என்று உங்களில் சிலருக்குத் தெரியும். முதல் நாள் அவரிடம், “ஹவ், நடக்கலாம், கட்டாயம் நடக்கலாம். அவசரம் மட்டும் நக்கோ” என்றேன். எங்கள் ஊர் உருதில் ஹவ் என்றால் ஆமாம், நக்கோ என்றால் வேண்டாம்.

அவர் தன் மனைவி ராஜேஸ்வரியைத் திரும்பிப் பார்த்தார். “ஏம்மா, இவங்க நடக்கலாங்கறாங்களா, நடக்க வேண்டாங்கறாங்களா?”

“தமிழ்தாங்க பேசறாங்க” என்றார் ராஜேஸ்வரி. “கொஞ்சம் தண்ணி கலந்திருக்கு.”

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். நின்றபடி ஏலம் கூவ வேண்டும். “உக்காந்துக்கிட்டுக் கூவுனா சரக்கு அழுகல்னு நெனப்பாங்க மேடம். நின்னு கூவுனாத்தான் காய்க்கு மருவாதி.” சிரிப்பு வரும்படிதான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இயந்திரத்தில் ஏற்றினோம். முதல் நான்கு நாளும் மஞ்சள் முகம் உதட்டைப் பிதுக்கிக்கொண்டே இருந்தது. சண்முகத்துக்கு அது பிடிக்கவில்லை.

“இது என்னத்துக்குங்க என்னையப் பாத்து இப்படி மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குது? நான் இதுக்கு என்ன பண்ணுனேன்?”

“நீங்க காலைப் போடலைன்னு சொல்றது.”

“நான் போடறனுங்க. கால்தான் வரமாட்டீங்குது. அதையும் அது மூஞ்சில காட்டச் சொல்லுங்க.”

ஐந்தாம் நாள் முகம் சிரித்தது. முதலில் லேசாக. அப்புறம் வாய் கொள்ளாமல். அதற்குப் பிறகு ஒரு நாள்கூட அது சிரிப்பை நிறுத்தவில்லை. சண்முகம் நடந்தபடியே வியாபாரம் பேச ஆரம்பித்தார். வலது கை பக்கக் கம்பியைப் பிடித்திருக்கும். ராஜேஸ்வரி ஒரு முக்காலியில் ஏறி நின்று அவர் காதில் போனைப் பிடிப்பார். “காய் தடிமனா இருக்கா, குச்சியா இருக்கா? குச்சின்னா அனுப்பாத!” என்று கத்திக்கொண்டே சண்முகம் நடப்பார். முகம் சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

அன்றாடம் வந்த வரைபடங்களை அச்செடுத்துச் சுவரில் ஒட்டினேன். கோடு மேலே மேலே ஏறியது. இரண்டு கம்பிகளுக்கு நடுவே நோயாளியை நிறுத்தி, நாமே பிடித்து நடத்துகிற பழைய பயிற்சியைப் பாதியாகக் குறைத்தேன். இயந்திரம்தான் இவ்வளவு நன்றாகச் செய்கிறதே, நாம் வேறு எதற்கு? தவறு எது என்று கேட்டால் இதுதான். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரைக்கு எதிரே தொங்கிக்கொண்டிருந்த மனிதரைப் பார்க்கவில்லை.

ஒருவர் பார்த்தார். வார்டு ஆயா யாதம்மா. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் தினம் எட்டுத் தடவை சண்முகத்தை மாற்றுபவர் அவர்தான். மூன்றாவது வாரம் என்னிடம் வந்து தெலுங்கில் சொன்னார். “மேடம், மீ மிஷின் நவ்வுதுந்தி. நா புஜம் ஏடுஸ்துந்தி.” உங்கள் இயந்திரம் சிரிக்கிறது, என் தோள் அழுகிறது. அதாவது, சண்முகம் யாதம்மா மேல் சாய்கிற பாரம் முதல் நாள் எவ்வளவோ அவ்வளவேதான் இன்றும்.

நான் சுவரில் இருந்த கோட்டைக் காட்டினேன். யாதம்மா கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தோளைத் தேய்த்துக்கொண்டே போய்விட்டார்.

என் கோட்டைப் பார்த்து மயங்கிய இன்னொருவர் எங்கள் டைரக்டர். பக்கத்துக் கம்பெனிகளிலிருந்து பத்துப் பேரை ஒரு சனிக்கிழமை காலை அழைத்துவிட்டார். அவர்களுடைய ஊழியர்களுக்கும் ஊழியர்களின் பெற்றோருக்கும் நாங்கள் வைத்தியம் பார்ப்பது என்று ஒப்பந்தம் போடுவது அவர் திட்டம். விடுமுறை நாளிலும் கழுத்தில் அடையாள அட்டையோடு வந்தார்கள். சண்முகம் வேட்டிதான் கட்டுவேன் என்று அடம் பிடித்தார். வேட்டி மோட்டாரில் சிக்கும் என்று அரை மணி நேரம் வாதாடி, கால்சட்டை போட்டுக்கொள்கிறேன், தோளில் ஜரிகைத் துண்டு மட்டும் வேண்டும் என்ற இடத்துக்கு இறங்கி வந்தார். நானும் சரியென்றேன். அந்த வாரம் நான் எல்லாவற்றுக்கும் சரியென்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

நிகழ்ச்சி நன்றாகத்தான் ஆரம்பித்தது. டைரக்டர் பேசினார். இயந்திரம் ஓடியது. முகம் சிரித்தது. வந்தவர்கள் போனை உயர்த்திப் படம் பிடித்தார்கள். படம் பிடிக்கிறார்கள் என்றதும் சண்முகத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. “வணக்கமுங்க!” என்று வலது கையைத் தூக்கினார். துண்டு நழுவியது. பட்டை அதைக் கவ்வி உள்ளே இழுத்தது. நான் சிவப்புப் பொத்தானை அடித்து நிறுத்தினேன். அதோடு விட்டிருக்கலாம். துண்டை உருவுவதற்காக இரும்புக் கால்களின் கட்டை அவிழ்த்துவிட்டு, அவரைக் கொஞ்சம் மேலே தூக்கும் பொத்தானையும் அழுத்தினேன். அவர் ஒரு முழம் மேலே போனார். அங்கேயே நின்றுவிட்டார். இறக்கும் பொத்தான் வேலை செய்யவில்லை.

சண்முகம் அந்தரத்தில் தொங்கினார். பயந்துபோய் வலது கையால் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இடுப்பை முன்னும் பின்னும் வெட்டி வெட்டி ஆட்டினார். மோட்டார் நின்றிருந்தது. பட்டை நின்றிருந்தது. இடது கால் துணி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. எதிரே மஞ்சள் முகம் அதுவரை சிரிக்காத அளவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தது.

வந்தவர்கள் கைதட்டினார்கள். இதுவும் சிகிச்சையில் ஒரு கட்டம் என்று நினைத்துவிட்டார்கள்.

அப்போதுதான் நான் திரையை விட்டு அவர் காலைப் பார்த்தேன். கால் ஓர் அங்குலம்கூட அசையவில்லை, முகம் சிரிக்கிறது. அப்படியானால் மூன்று வாரமாக அது எதைப் பார்த்துச் சிரித்தது? இடுப்புக்குப் பக்கத்தில் இருந்த சென்சார், காலின் முயற்சி என்று எழுதியதெல்லாம் இந்த இடுப்பு வெட்டைத்தான். நல்ல கையால் கம்பியைப் பிடித்து, நல்ல பக்கத்தால் உடம்பை ஊஞ்சல் மாதிரி ஆட்டி, அவர் அந்த முகத்தைச் சிரிக்க வைத்திருக்கிறார். கால் ஒரு வேலையும் செய்யவில்லை.

முதலில் அவரை இறக்க வேண்டும். மின்சாரம் போனால் கையால் சுற்றி இறக்க ஒரு இரும்புக் கைப்பிடி உண்டு என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அது வைக்கும் இடத்தில் இல்லை. “யாதம்மா, ஒரு இரும்புக் கைப்பிடி, வளைஞ்சு இருக்குமே!” என்று கத்தினேன். யாதம்மா நிதானமாக நடந்துபோய் வார்டுக் கதவுக்கு அடியிலிருந்து அதை உருவிக்கொண்டு வந்தார். கதவு மூடிக்கொள்ளாமல் இருக்க அதைத்தான் முட்டுக்கொடுத்திருந்தார். அவர் சுற்றினார், நான் பிடித்தேன். சண்முகம் மெல்ல மெல்ல இறங்கி நாற்காலியில் உட்கார்ந்தார். மறுபடி கைதட்டல்.

டைரக்டர் சமாளிக்கத் தெரிந்தவர். துண்டு மாட்டியதையும் ஆள் தொங்கியதையும் மறக்கடிக்க வேண்டும் என்று, கணீரென்ற ஆங்கிலத்தில் அறிவித்தார்: “இப்போது இவர் இயந்திரத்தின் உதவியே இல்லாமல், சொந்தக் காலில் உங்கள் முன் நடந்து காட்டுவார்!”

எல்லாப் போன்களும் மறுபடி உயர்ந்தன. சண்முகம் என்னைப் பார்த்தார். மார்க்கெட்டில் ஆயிரம் பேர் கூச்சலுக்கு மேலே கூவுகிற மனிதர். அவர் கண்ணில் அப்படியொரு பயத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சொன்னால் எல்லாம் வெளியே வந்துவிடும். சொல்லாவிட்டால் இரண்டாவது அடியில் விழுவார். இடுப்பு எலும்பு போனால் அதற்கப்புறம் நிற்பது ஏது, கூவுவது ஏது?

இந்த இடத்தில் கம்பீரமாக ஏதோ சொன்னேன் என்று எழுதிக்கொள்ள எனக்கும் ஆசைதான். என் வாயிலிருந்து வந்தது, “நக்கோ சார்!” அதுவும் கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி.

“என்ன மேடம்?” என்றார் டைரக்டர் சிரித்த முகத்தோடு, பல்லைக் கடித்தபடி.

“இவரால நடக்க முடியாது சார். மூணு வாரமா நான்தான் தப்பாப் பார்த்துட்டேன். அந்த முகம் காலைப் பார்த்துச் சிரிக்கலை.”

அடையாள அட்டைக்காரர்களில் ஒரு பெண் கேட்டார், “பின்னே எதைப் பார்த்துச் சிரித்தது?”

“இடுப்பாட்டத்தைப் பார்த்து” என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

 அப்புறம் ஒருவர் சிரிக்க, எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் கம்பெனியிலும் அப்படித்தான், கோடு மேலே போகும், வேலை நடந்திருக்காது என்றார் ஒருவர். டைரக்டர் மட்டும் சிரிக்கவில்லை. என்னோடு பத்து நாள் பேசவில்லை. பிறகு அந்த ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. உண்மையைச் சொல்கிற மருத்துவமனை என்று அவர்கள் நம்பினார்களாம். அது தன்னுடைய யோசனைதான் என்று டைரக்டர் கடைசிவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர்கள் போன பிறகு சண்முகத்தின் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். எனக்குக் கோபம். “கைக்கு இப்படிப் பண்ணீங்க?”

“கைக்கு ஒண்ணும் பண்ணலீங்க. காலுக்குத்தான்” என்றார் அவர்.

“ஏன் பண்ணீங்கன்னு கேக்கறாங்க” என்று ராஜேஸ்வரி மொழிபெயர்த்தார்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “மொதல்ல அந்த மூஞ்சி மொறைக்கறது தாங்காமத்தானுங்க இடுப்ப ஆட்டிப் பாத்தேன். அது சிரிச்சுது. மறுநாளே நிறுத்திரலாம்னுதான் இருந்தேன். ஆனா நீங்க அந்தக் காயிதத்த எடுத்துட்டு ஓடி ஓடி எல்லாத்துகிட்டயும் காட்டுனீங்க. அவ்வளவு சந்தோசமா இருந்தீங்க. உங்க மூஞ்சி வாடிப்போயிருமேன்னு ஆட்டிக்கிட்டே இருந்தேன்.”

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. நோயாளி தனக்காக நடக்க வேண்டும். இவர் என் முகத்துக்காகத் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறார். பக்கவாதத்தில் முதல் சில மாதங்கள் எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டாம். அதில் மூன்று வாரத்தை என் சந்தோஷத்துக்குச் செலவு செய்துவிட்டோம். எவ்வளவு சிரித்தாலும் அந்தக் கணக்கு என்னை விட்டுப் போகவில்லை. நோயாளி உங்களைத் திருப்திப்படுத்த ஆரம்பித்துவிட்டால் உடனே எச்சரிக்கையாகிவிடுங்கள். நீங்கள் அவருக்கு இன்னொரு மஞ்சள் முகமாகிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

மறுநாளே சுவரில் இருந்த வரைபடங்களைக் கிழித்தேன். இயந்திரத்தை ஒதுக்கவில்லை. அதன் மேல் தப்பில்லை. அது அளந்ததைத்தான் சொன்னது. திரையில் முகத்தின் மேல் ஒரு காகிதத்தை ஒட்டினேன். வலது கையைக் கம்பியில் வைக்க விடாமல் என் கையைப் பிடிக்கச் சொன்னேன். மோட்டாரின் உதவியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். மதியம் கம்பிகளுக்கு நடுவே பழைய பயிற்சி. அங்கேதான் இன்னொன்று கண்ணில் பட்டது. சும்மா நிற்கச் சொன்னால் அவர் இடது காலில் பாரமே போடமாட்டார். ஏலம் கூவச் சொன்னால் முப்பது வருஷப் பழக்கத்தில் உடம்பு தானாக இடது பக்கம் சாய்ந்து கால் ஊன்றிவிடும்.

அப்புறம் என்ன, எங்கள் கூடம் மார்க்கெட்டாகிவிட்டது. தினம் மூன்று மணிக்கு இல்லாத முருங்கைக்காயை ஏலம் விட்டார். மற்ற நோயாளிகள் படுத்தபடியும் உட்கார்ந்தபடியும் கேட்டார்கள். கை தூக்கித்தான் ஏலம் கேட்க வேண்டும் என்று நான் ஒரு விதி போட்டதில் இரண்டு பேருக்குத் தோள் சரியானது. குகட்பள்ளியிலிருந்து வந்திருந்த ஒரு ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர் ஒரு லோடு முழுவதையும் ஏலத்தில் எடுத்துவிட்டு, சரக்கு எப்போது வரும் என்று என்னைத் தினமும் கேட்டார். தொல்லை தாங்காமல் ராஜேஸ்வரி ஒரு கட்டு உண்மையான காயைக் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு நாள் வார்டு முழுக்க சாம்பார் வாசனை.

ஆறு வாரத்தில் சண்முகம் கணுக்காலுக்கு ஒரு பட்டை, கையில் ஒரு தடியோடு நடந்தார். முழுசாகக் குணமாகவில்லை. இடது கை கடைசிவரை பாதிதான் வந்தது. ஆனால் அடுத்த வருஷம் போவன்பள்ளியில் ஒரு தூணில் சாய்ந்து நின்றபடி கூவிக்கொண்டிருந்தார். நான் போய்ப் பார்த்தேன். கூட்டத்தில் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. வேலையில் அவ்வளவு மும்முரம்.

இதெல்லாம் இருக்கட்டும், டிஸ்சார்ஜ் ஆன நாளைச் சொல்லி முடிக்கிறேன். எங்கள் மருத்துவமனையில் ஒரு விதி. வீட்டுக்குப் போகிற நோயாளி யாராக இருந்தாலும் வாசல்வரை சக்கர நாற்காலியில்தான் போக வேண்டும். வாசலில் செக்யூரிட்டி ஒரு பதிவேட்டோடு நிற்பார். சண்முகம் தடியை ஊன்றி நடந்து வந்தார். செக்யூரிட்டி குறுக்கே நின்றார்.

“பைட்னா படேகா சாப். ரூல் ஹை.”

“நை பைட்டேகா!” என்றார் சண்முகம். மார்க்கெட்டில் கற்ற இந்தி. “ரெண்டு மாசமா எந்திரிக்கறதுக்குத்தான்யா இங்க கெடந்தேன். மறுபடி உக்காரச் சொல்றான்!”

செக்யூரிட்டி நகரவில்லை. நாற்காலி வெளியே போனால்தான் பதிவேட்டில் எழுத முடியும், எழுதினால்தான் விட முடியும். பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

நாற்காலி போக வேண்டும் என்றுதானே விதி, யார் உட்கார வேண்டும் என்று இல்லையே? “யாதம்மா, உக்காருங்க” என்றேன்.

யாதம்மா ஒரு கணம் யோசித்தார். பிறகு புடவையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்து, காலைத் தூக்கி நாற்காலியின் மிதிபலகையில் வைத்துக்கொண்டார். சண்முகத்தின் இடது கையை எடுத்து நாற்காலியின் கைப்பிடியில் வைத்துப் பட்டையால் கட்டினேன். தடியை ராஜேஸ்வரி வாங்கிக்கொண்டார். நான் அவருடைய இடது பக்கம், இடுப்புக் கச்சையைப் பிடித்தபடி நின்றேன். சண்முகம் தள்ளினார். ஓர் அடி. இன்னோர் அடி. செக்யூரிட்டி பதிவேட்டைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், ‘வீல்சேர்: ஆம்’ என்று எழுதிக்கொண்டு வழிவிட்டார்.

கார் வரைக்கும் போய்ச் சேர்ந்தோம். சண்முகத்துக்கு வேர்த்துக் கொட்டியது. “எறங்குங்க யாதம்மா, வண்டி வந்துருச்சு” என்றார்.

யாதம்மா இறங்கவில்லை. அந்த மருத்துவமனையில் அத்தனை வருஷமாக எல்லோரையும் அந்த நாற்காலியில் தள்ளியவர் அவர். அவரை ஒருவர் தள்ளியது அன்றுதான். முன்னால் கையை நீட்டி, “இங்கொஞ்செம் தூரம்” என்றார். இன்னும் கொஞ்ச தூரம்.

சண்முகம் மூச்சு வாங்கிக்கொண்டு, ஒட்டன்சத்திரத்துத் தமிழில் வாய் நிறையத் திட்டிக்கொண்டே, காரைச் சுற்றி அவரை ஒரு முழுச் சுற்றுத் தள்ளிக்கொண்டு போனார்.